பனிநாள் விதி

வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே வாங்கினோம்,
நூற்றுப் பதினாறு பக்கம்.
நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு விதி:
பனி பொழியும் நாட்களில்
வகுப்புகள் இணையத்துக்கு மாறும்.

பந்தாய் டாலாமைப் பார்த்த கூட்ட அறையில்
யாரும் சிரிக்கவில்லை.
டத்தோ தலையசைத்தார்.
கறிபாப் வந்தது. தீர்மானம் நிறைவேறியது.

அக்டோபரில் கூரையில் எட்டு ஒலிவாங்கிகள்,
பேசுகிறவர் பக்கம் தானே திரும்பும் கேமரா.
நான் திட்ட விலக்கம் பற்றிப் பேசப் பேச
அது தும்மிய யுகேந்திரனைத் தேடிப் போனது.

கேள்வி கேட்டபின் ஏழு வினாடி காத்திரு
என்கிறது கையேடு.
காத்திருந்தேன்.
கறுப்புக் கட்டங்களில் பெயர்கள்:
ஹஸ்லினா, ச்சூ வெய் லிங், தர்மசீலன்,
வெறுமனே ஐபோன் 2.
ஏழாவது வினாடியில் எங்கோ ஒரு சேவல் கூவியது.
வருகைப் பதிவில் அதற்குக் கட்டமில்லை.

முகம் தெரிந்தால்தான் ஈடுபாடு என்றார்
திரையில் வந்த பயிற்சியாளர்,
கம்பளிச் சட்டையோடு.
அன்றிரவு ஐபோன் 2 தனியாக எழுதியது:
சார், பிபிஆர் வீடு, ஒரே ரூம்,
பின்னால தம்பி குளிச்சிட்டு வருவான்.
பெயரைக் கேட்டேன். கோமளேஸ்வரி.
அது பருவத்தின் ஆறாம் வாரம்.

பிறகு அந்த வியாழன்.
இரண்டு மணிக்கு வானம் கொட்டித் தீர்த்தது.
ஃபெடரல் நெடுஞ்சாலையில்
முழங்கால் தண்ணீரில் என் மைவி இருமி நின்றது.
கைப்பேசி வழியே நுழைந்தேன்,
என் வகுப்பில் நானும் ஒரு கட்டம்.
ஒன்பது சதவீதம் சார்ஜ்.
கேமராவை அணைத்தேன்.

அறைக்கு வந்து சேர்ந்த பதினொரு பேர்
பலகையை மொய்த்திருந்தார்கள்.
"மறைக்குதுங்க, கொஞ்சம் நகருங்க!"
கூரையிலிருந்து ஒரு குரல் விழுந்தது.
யுகேந்திரன் அண்ணாந்து பார்த்தான்,
அசரீரிக்குப் பயந்தவன் போல.
பிறகு நகர்ந்தான்.
கோமளேஸ்வரி சொல்லச் சொல்ல எழுதினான்.
மூன்றாம் வரியில் வர்க்கமூலத்தை விட்டுவிட்டான்.
அவள் விடவில்லை.

"சார், இருக்கீங்களா?"

இருக்கேன் என்றேன்.
ஒலியைத் திறக்க மறந்திருந்தேன்.
வைப்பர் இப்படியும் அப்படியும் ஆடியது.
ஏழு வினாடிகூட ஆகவில்லை,
அவர்கள் அடுத்த கணக்குக்குப் போயிருந்தார்கள்.

திங்களன்று நாற்பத்தோராம் பக்கத்தில்
பனி என்ற சொல்லை அடித்தேன்.
மேலே என்ன எழுதுவது?
வெள்ளம் என்று எழுதி, அதையும் அடித்தேன்.
தம்பி குளித்துவிட்டு வரும் நேரம்
என்று எழுதினால் டத்தோ
தலையசைப்பாரா, தெரியவில்லை.