தட்டிப் பார்த்த பிறகு

முதலில் தரையைத் தட்டினேன்.
மண்டியிட்டு, சுத்தியல் பிடியால்
நாலு மூலையும் நடுவும்.
கதவடியில் வெறும்பானைச் சத்தம்;
கட்டில் கிடந்த இடத்தில் கல்.
பாதி டைல் பசையில் நிற்கிறது,
பாதி சீமெந்துச் சாந்தில்.
இரண்டு மேசன்மார், இரண்டு காலம்,
ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்திருக்கவில்லை.

கல்முனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி,
கீழ்த்தளம், ஆயிரத்து நூறு சதுர அடி.
மேலே பிள்ளை பெற்ற தாய்மார்.
இரவு பத்திலிருந்து நாலு மணி வரைதான் வேலை,
சுபஹு பாங்குக்கு முதல்
தூசி துடைத்திருக்க வேண்டும்.
எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டவள் நான்,
ரேணுஜா, ஆரையம்பதி.
என் பெயரில் முதல் கொந்தராத்து.

சாய்ந்தமருதில் முபீத் காக்காவின் வாடகைக் கடை.
பெரியதைத்தான் முதலில் காட்டினார்:
"ஏறி இருந்தே ஓட்டலாம் தங்கச்சி,
ஒரு நாளைக்குள்ள ஒரு பள்ளிக்கூடத்தையே உரிச்சிடும்."
மஞ்சள் பெயின்ற். கப்பலில் வந்து ஆறு மாசம்.
நான் அளவுநாடாவை இழுத்தேன்.
கதவு முப்பது அங்குலம், அது முப்பத்திரண்டு.
"நிலையைக் கழட்டேலாதா?"
கழட்டலாம் காக்கா, சுவரையும் கழட்டலாம்.
பிறகு ஆஸ்பத்திரியைக் கழட்டினதுக்கு
ஆர் பில் போடுற?

அடுத்தது பதினைந்து கிலோ பிரேக்கர்.
வாடகை மலிவு,
குகதாசனின் தோள் மலிவில்லை.
அதற்கடுத்தது மூன்று பேஸ் கரண்ட் கேட்டது.
இருக்கிறது, ஆனால் லிப்டுக்கும்
ஒப்பரேஷன் தியேட்டருக்கும்.

கொழும்புக்குப் போன் எடுத்தேன்.
மெஷினின் விலையைச் சொன்னவர்
பல்லின் விலையைச் சொல்லவில்லை.
தேய்ந்தால்?
"கொரியர்ல போடலாம் மிஸ், மூணு நாள்."
என்னிடம் இருந்த இரவுகளே ஐந்து.

கடைசியில் அது அம்பாறையில் கிடந்தது,
சுனேத்தின் கராஜில், கிழிந்த உரப்பைக்கு அடியில்.
தள்ளிக்கொண்டு நடக்கிற சாதி.
நூற்றுப்பத்துக் கிலோ,
நாலு புரியாணி கழற்றினால் இரண்டாகப் பிரியும்.
வீட்டுப் பிளக் போதும்.
அவருக்குத் தமிழ் பத்துச் சொல்,
எனக்குச் சிங்களம் பத்துச் சொல்,
அட்வான்ஸ், பில், பெயாரிங் போக.
ஓடவிட்டுக் காட்டச் சொன்னேன்.
உள்ளே ஏதோ முனகியது.
நான் வாய் திறக்குமுன்
வாடகையில் ஆயிரம் குறைத்தார்.
அகலப் பல் இரண்டு, ஒடுங்கிய பல் ஆறு
பேப்பரில் சுற்றித் தந்து
ஒடுங்கியதைத் தொட்டு,
"கல்லு" என்றார்.

பசைப் பக்கம் முதல் இரவே வந்தது,
பழுத்த வெள்ளரித் தோல் மாதிரி.
கல் பக்கம் அப்படியில்லை.
இரண்டாம் இரவு மூன்று மணிக்குள்
மூன்று பல் மழுங்கிவிட்டது.
மூலைகளுக்கு அந்தப் பிரேக்கரையும் எடுக்க வேண்டியதாயிற்று.
முபீத் காக்கா சிரிக்காமல்தான் தந்தார்,
அது எனக்குப் போதும்.

மாடிப்படியில் நர்ஸ் ஒருத்தி இறங்கி வந்தாள்.
ஏசப்போகிறாள் என்று மெஷினை நிறுத்தினோம்.
தூசிக்குள்ளே எல்லோரும் வெள்ளையாக நின்றோம்.
"ஏன் நிப்பாட்டின?
பதினாலாம் கட்டில் புள்ள
இந்தச் சத்தத்திலதான் உறங்குது.
எழும்பிடும், போடுங்க."

ஐந்தாம் இரவு.
கணக்குக் கொப்பியில் எழுதுகிறேன்:
பல் ஐந்து. முகமூடி ஒரு பெட்டி.
பாண், பருப்பு, பிளேன்ரீ.
லாபம் என்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை.
மெஷினை இரண்டாகப் பிரித்து லொறியில் ஏற்றியாயிற்று.
புரியாணிகளை உள்ளங்கையில் எண்ணினேன்.
மூன்று.
பாங்கு கேட்கிறது.
நூற்றுச்சொச்சம் இடிபாட்டு மூட்டைகளுக்கு நடுவே
குகதாசன் குனிந்து தேடுகிறான்,
போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு.