ஜன்னல் இல்லாத அறை

சுவெட்டன்ஹாம் துறையில் ஏறும்போதே
ரூபிணி கேட்டாள், எந்த ஊருக்குப் போகுது என்று.
எந்த ஊருக்கும் இல்லை.
நடுக்கடலில் ஒரு பகல் முழுக்கச் சுற்றிவிட்டு
இதே துறைக்குத் திரும்பும்.
"அப்போ ஃபெரி மாதிரியா?" என்றான் சின்னவன்.
ஃபெரிக்கு அக்கரையில் பட்டர்வொர்த் உண்டு.
இதற்கு அக்கரை கிடையாது.

ஜன்னல் உள்ள அறைக்கு ஆளுக்கு நூற்றெண்பது ரிங்கிட் கூடுதல்.
நாலு பேருக்குக் கூட்டிப் பார்த்தோம்.
வேனுக்கு இரண்டு டயர் என்று வந்தது.
ஜன்னலை விட்டுவிட்டோம்.
கதவைச் சாத்தினால்
கண் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு.

காலையில்தான் வேலை முடிந்து வந்திருந்தாள் தமயந்தி.
கட்டிலில் உட்கார்ந்து
ஒரு செருப்பைக் கழற்றினாள்.
மற்றது காலிலேயே இருந்தது.

பதினோரு வருடம் பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
பகலில் தூங்குகிறவளுக்கு வீட்டில் என்ன இருக்கிறது?
திரைச்சீலை, அதன்மேல் ஒரு கறுப்புத் துணி,
இரண்டையும் தாண்டி வரும் ஜெலுத்தோங் வெயில்.
ரொட்டிக்காரர் ஹாரன்.
கேஸ் தோம்பு இறக்கும் சத்தம்.
"அம்மா, என் காலுறை எங்கே?"

விடிந்ததும் எழுப்பப் போனேன்.
தோளில் கைவைக்கும் முன்னே மூச்சு கேட்டது.
லாரியிலிருந்து மூட்டையை இறக்கி,
இறக்கியபின் சற்று நிற்கிறவனின் மூச்சு.
கல்யாணமாகி இத்தனை வருடத்தில்
இதை நான் கேட்டதில்லை.
கையை எடுத்துக்கொண்டேன்.

மேல்தளத்தில் நாசி லெமாக், சம்பலில் காரம் இல்லை.
ரூபிணி இரண்டு ரொட்டியை
டிஷ்யூவில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.
நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன்.
குளத்தில் ஈரத் தலைகளைப் பார்த்ததும்
எண்ணத் தொடங்கிவிட்டேன்.
இருபத்தாறு. இருபத்தேழு.
ஒன்று முங்கினால் போதும், வயிறு கலங்கும்.
யார் பெற்ற பிள்ளைகளோ.

மணிக்கொரு தடவை
கவிலேஷ் கீழே போய்ப் பார்த்து வந்தான்.
"வலப்பக்கம் திரும்பிட்டாங்க."
"வாய் திறந்திருக்கு."
"அந்தச் செருப்பும் விழுந்திருச்சு."
மூன்று மணிக்கு வந்தவன் காதோடு சொன்னான்:
"முழிச்சுத் தண்ணி குடிச்சாங்க. மணி கேட்டாங்க.
இன்னும் விடியலைன்னு சொல்லிட்டேன்."
அவனைத் திட்டவேண்டும் என்று தோன்றியது.
ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

பக்கத்து நாற்காலி ஈப்போக்காரர் விசாரித்தார்:
"வீட்டுக்காரம்மா மேலே வரலியா?
கடல் ஒத்துக்கலையோ?"
ரொம்ப ஒத்துக்கிச்சு என்றேன்.

கைபேசியில் ஒரு கோடும் இல்லை.
ஓவர்டைம் என்று அவள் சூப்பர்வைசர் அழைக்க முடியாது.
கடல் சாம்பல் நிறத்தில்
யாருக்கும் பதில் சொல்லாமல் கிடந்தது.

சூரியன் இறங்குவதைக் கப்பலிலிருந்து பார்க்கவேண்டும்.
பணம் கட்டிய அன்று அவள் கேட்டது அது ஒன்றுதான்.
ஏழு மணிக்குக் கதவருகே போய் நின்றேன்.
அட்டையை எடுத்தேன், பையில் போட்டேன், மறுபடி எடுத்தேன்.
தாழ்வாரத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த பையன்
அட்டை வேலை செய்யவில்லையா என்று கேட்டான்.
சூரியன் எனக்காகக் காத்திருக்கவில்லை.

ஒன்பதேகால்.
இருட்டில் சடாரென்று எழுந்து
சுவரெல்லாம் தடவினாள்,
சீருடையை, பெயரட்டையை.
"பஸ் போயிருச்சா?"
"நடுக்கடல்ல இருக்கோம். பஸ் வராது."

நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
விளக்கு போடப் போனேன், வேண்டாம் என்றாள்.
நசுங்கிய ரொட்டியை ரூபிணி நீட்ட
பிய்த்துப் பிய்த்துத் தின்றாள்.
"கடல் எப்படி இருந்துச்சு?"
"பெருசா" என்றான் கவிலேஷ்.
"நான் பார்த்ததைவிடவா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அதற்குள் கப்பல் பினாங்குப் பக்கம் திரும்பியிருந்தது.
எப்போது திரும்பியது என்று
எங்களில் யாருக்கும் தெரியாது.