ஏரிக்கு முதுகு காட்டி

நிலத்தை வாங்கிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.
எப்போதும் அப்படித்தான்.
சிலியின் தெற்கே, ரான்கோ ஏரியின் வடகரை,
சரிவில் நாலு ஏக்கர்;
தெற்கே முழு ஏரி, அதற்கப்பால்
உச்சியில் பழைய பனி ஒட்டிய மலை.
"இந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி"
என்றார் எவரார்டோ ஷ்வெங்கே,
மீன்தீவனத்தில் சம்பாதித்த கைகளை விரித்து.
அளந்து பார்த்தால் பதினெட்டு மீட்டர்.

பூமியின் இந்தப் பாதியைப் பற்றிச் சொன்னேன்.
இங்கே வெயில் வடக்கே நடக்கும்.
உங்கள் ஏரிப்பக்கத்தை
ஜூன் மாதத்தில் அது எட்டிக்கூடப் பார்க்காது.
மழையும் வடக்கிலிருந்துதான்,
வெதுவெதுப்பாக, சாய்வாக, மூன்று நாள் விடாமல்.
தெற்கிலிருந்து வருவதைத்
தென்றல் என்று சொல்ல நாக்கு எழாது;
வானத்தைத் துடைத்துவிட்டுக்
கையோடு காதுமடலையும் கொண்டுபோகும்.

"சூடேற்றிக்கொள்ளலாம்" என்றார்.
பணம் இருக்கிறவர்களுக்குக் குளிர்
ஒரு செலவுக் கணக்கு.

மூன்று நாள் கூடாரம் போட்டுக் கிடந்தேன்.
ஒரு கழி, ஒரு கூடைக் கல்.
நிழலின் நுனியில் கல் வைத்துக்கொண்டே போனதில்
வீட்டின் முதல் கோடு புல்லில் விழுந்தது.
பக்கத்து நிலத்து ஆடுகள் வேலி நுழைந்து வந்து
ஒரே இடத்தில் படுத்தன:
கோய்குவே மரங்களுக்குப் பின்னால் ஒரு பள்ளம்,
காற்றுக்கு மறைவு,
பதினொரு மணிக்கு வெயில்.
புழுக்கை எங்கே அதிகம் என்று பார்த்து
அங்கே சமையலறையைப் போட்டேன்.
அறிக்கையில் மட்டும்
நுண்தட்பவெப்ப ஆய்வு என்று எழுதினேன்.

ஏழு மாதச் சண்டை.
பதினெட்டு பதினான்காகி, பதினொன்றில் நின்றது.
மூன்றடுக்குக் கண்ணாடி வந்த லாரி
சேற்றில் புதைந்து,
கடைசியில் ஏர்மாடு பூட்டி இழுத்தார்கள்.
வீட்டை முழங்கைபோல் மடித்தேன்,
ஒரு கை ஏரிக்கு, ஒரு கை வெயிலுக்கு,
மடிப்பில் முற்றம்.
ஏரிக்கூடத்தின் கூரையைத் தூக்கி
வடக்கே நீளமாக ஒரு கீறல் விட்டேன்;
இருபத்தாறு பாகைக்குமேல் எழாத குளிர்கால வெயில்
தலைகளைத் தாண்டிக் குதித்துத்
தரையில் இறங்கும்.
கல்தளம் பகலில் வாங்கிய கடனை
இரவில் திருப்பித் தரும், கொஞ்சம் குறைத்து.

அமான்டினா ஒன்றுதான் கேட்டாள்:
"ஈரத் துணி காய ஓர் இடம்."
சமையலறைக்குப் பின்னால் விறகுக்கும் அதற்குமாக
கண்ணாடிக் கூரையிட்ட ஒரு நடை வரைந்தேன்,
அரை மணி நேரத்தில்,
வேறெதையோ யோசித்துக்கொண்டு.

முடிந்ததும் படம் எடுத்தார்கள்.
படங்களில் வீடு நீர்மேல் மிதந்தது.
ஆள் யாரும் இல்லை;
படக்காரர் எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்தார்.

இரண்டாம் குளிர்காலத்தில் போனேன்.
கூடம் காலி.
குரல் வந்த திசையில் நடந்தால்
விறகு நடையில் மொத்தக் குடும்பமும்:
எவரார்டோ விறகுக்கட்டின்மேல் காலுறையோடு,
பெரியவள் துவைக்கும் எந்திரத்தின் மூடியில்
பின்னக் கணக்குப் போட்டபடி,
மாத்தே குவளை கைமாறிக் கைமாறி,
தலைக்குமேல் சட்டைகள் ஆவி விட,
எல்லோர் முகத்திலும் வெயில்,
எல்லோர் முதுகும் ஏரிக்கு.

"ஏரியை எப்போது பார்ப்பீர்கள்?"
"விருந்தாளி வரும்போது" என்றாள் அமான்டினா.

கோபம் வந்தது.
பிறகு நகர்ந்து இடம் கொடுத்தார்கள்,
உட்கார்ந்தேன்.

கிளம்புமுன் தனியாகக் கூடத்துக்குப் போனேன்.
பதினொரு மீட்டர் சாம்பல் நிறத் தண்ணீர்.
மேற்கு மூலையில், தாழ்வாக,
கண்ணாடியில் ஒரு மூக்குத் தடம்,
சுற்றிலும் மூச்சு காய்ந்த வளையம்.
ஒருமுறை பதிந்ததல்ல;
ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நாள்.
மண்டியிட்ட சின்னவள் இல்ஸேவா,
நிற்கிற நாயா, கேட்கவில்லை.
அளவுநாடாவை எடுத்தேன்.
தரையிலிருந்து அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.
பெட்ரோல் ரசீதின் பின்புறம் குறித்துக்கொண்டேன்,
அடுத்த வீட்டுக்கு.