நாற்பத்தொரு சதவீதம்

மடிக்கணினியைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே மீன் வாடை.
ஜாபெல் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.
அகூர்யான் ஆற்றோரம் அவளுக்கு ட்ரௌட் பண்ணை,
நான்கு தொட்டி, ஒரு தகரக் கொட்டகை,
தண்ணீரில் பிராணவாயு எவ்வளவென்று
இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டி.
“கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கிளப்ப
எனக்கு ஒன்பது நிமிடம் வேண்டும், அர்ஷவிர்.
இது நாலிலேயே கண்ணை மூடிவிடுகிறது.”

கியும்ரியில் பிப்ரவரி.
கடைக் கண்ணாடியில் உட்பக்கமும் பனி.
குளிர்ந்த பிளாஸ்டிக் தெறித்துவிடும் என்பதால்
பேட்டரியைக் கம்பளிக்குள், மடியில் வைத்துக்கொண்டு
தேநீர் குடித்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

திறக்கக் கத்தி கூடாது,
தோலுக்கு அடியிலேயே உயிர்.
காலாவதியான வங்கி அட்டையால் விளிம்பைச் சுற்றி வந்தேன்.
ஒரு மூலை விட்டுக்கொடுத்ததும்
மற்ற மூன்றும் பிடிவாதத்தை விட்டன.

ஆறு செல்கள், இரண்டிரண்டாய் மூன்று ஜோடி.
முதல் ஜோடி மூன்று புள்ளி ஆறு.
அடுத்ததும் அப்படியே.
மூன்றாவதில் புள்ளி நாலு,
லேசாக நகப்பூச்சு வாசம்.

“செத்தது இரண்டுதானே,
இரண்டுக்கு மட்டும் காசு வாங்கு.”
“குஞ்சையும் பெரியதையும் ஒரே தொட்டியில் விடுவாயா?”
பதில் சொல்லாமல்
ஆறுக்கும் சேர்த்து டிராம் எண்ணி வைத்தாள்,
கடைசி நோட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி.

இனிமேல்தான் திருட்டு வேலை.
ஓரத்தில் ஒரு பச்சைப் பலகை, அதில் எள்ளளவு சில்லு.
எத்தனை முறை நிரம்பியது, எத்தனை முறை வற்றியது,
எந்த நாள் சூடேறியது, எல்லாம் எழுதிவைக்கும்.
மின்னழுத்தம் ஒரு கணம் அறுந்தால் போதும்,
தனக்குத்தானே இறப்புச் சான்றிதழ் எழுதி
உள்ளே தாழிட்டுக்கொள்ளும்.
அதனால் வெளியிலிருந்து மூன்று கம்பி கொடுத்து,
போலி நாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே
பழையதை ஒவ்வொன்றாய்ப் பிடுங்க வேண்டும்,
அதற்குத் தெரியாமல்.

ஐந்தாவது செல்லில் ஜாபெலின் கைபேசி அடித்தது.
நான் திரும்பினேனா, அவள் முழங்கை பட்டதா,
இன்றுவரை அதில் தகராறு.
கம்பி கழன்றது.

ஆறும் புதிது.
நிக்கல் பட்டையில் பற்றவைத்த புள்ளிகள் கடுகு விதைத்ததுபோல்.
மீட்டர் சொல்கிறது: பத்து புள்ளி எட்டு.
கணினி சொல்கிறது: பேட்டரி இல்லை.

இரண்டு இரவு ஒரு கேபிளோடும்
யாரோ எழுதிய ஓட்டை மென்பொருளோடும் மல்லுக்கட்டினேன்.
இரண்டாம் இரவு, இரண்டரைக்குத் தாழ் விலகியது.
உள்ளே: சுழற்சி, ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
பூஜ்ஜியமாக்க ஒரு சொடுக்குதான்.
விட்டுவிட்டேன்.
சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஆரோக்கியம் நாற்பத்தொரு சதவீதமாம்!
ஆறுக்குக் காசு கொடுத்தேன், அர்ஷவிர்!”
“செல் புதிது. கணக்குப்பிள்ளை பழையவன்.
மூன்று தடவை முழுக்க நிரப்பு, முழுக்க வற்றவிடு.
தானே அளந்து பார்த்தால்தான் நம்புவான்.”
“நானும் அப்படித்தான்” என்று
கூலியில் பாதியை மறுபடி பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வியாழன் இரவு ஊரில் பாதி அணைந்தது.
மெழுகுவர்த்தி தேடவில்லை, கடிகாரம் பார்த்தேன்.
நாலு.
ஒன்பது.
பதினொன்றில் ஒரு படம் வந்தது:
நுரைக்கும் தண்ணீர், ஒரு வால்,
ஓரத்தில் கோணலாகத் திரை, எண்பத்தேழு.
பாக்கிக் கூலி பற்றி அதில் ஒன்றுமில்லை.