பக்கத்து இலை

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
ஃபின்லாந்தில், உறைந்த ஆற்றின் கரையில்
காகித ஆலை மட்டும் வியர்த்துக்கொண்டிருக்கிறது.
உலர்த்தும் உருளைகளின் கழுத்தில் பேரிங்குகள்,
பேரிங்குகளுக்குக் காய்ச்சல் பார்க்கக் கம்பிகள்,
கம்பிகள் வந்து முடிகிற மூலையில்
மஞ்சளேறிய ஒரு கணினி,
அதன் வயிற்றில் செருகிய பச்சை அட்டை.

உள்ளங்கை அகலம்தான்.
கேட்கும், எண்ணும், தேவைப்பட்டால் ஒரு சொல் சொல்லும்.
காதுகள் பதினாறு, கேட்கும் நரம்பு ஒன்றே.
ஒவ்வொரு காதாகத் திறந்து மூடி
நொடிக்கு ஆயிரம் முறை சுற்றி வருகிறது,
எந்த வீட்டிலும் உட்காராமல்
மின்கணக்கு எடுத்துப் போகிறவர் போல.

உலகத்தை அது
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு படிகளாக வெட்டி வைத்திருக்கிறது.
படிக்கும் படிக்கும் நடுவில்
நிற்க இடமில்லை.

இரவுப் பணி சிர்க்காவுக்கு.
எண்களை அவள் பார்ப்பதில்லை,
ஓரக்கண்ணில் வைத்திருக்கிறாள்,
அடுப்பில் பால் வைத்தவள் போல.
ஆறு: எழுபத்தொன்று.
ஏழு: எழுபத்தொன்று.
எட்டு: அறுபத்தெட்டு.

கிரீஸ் போடுகிறவன் பெயர் ஓய்வா.
(அப்படித்தான் பெயர். அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.)
மேலே போனவன் வாக்கி டாக்கியில் கேட்டான்:
"ஏழு எவ்வளவு?"
"எழுபத்தொன்று."
"கை வைக்க முடியல, சிர்க்கா.
கருகுற வாசனை."

ஒரு விசை அழுத்தினாள்.
அட்டையின் இன்னொரு ஓரத்தில்
பூஜ்ஜியம் ஒன்றாயிற்று.
எங்கோ ஒரு ரிலே நாக்கைச் சொடுக்க,
நானூறு டன் இரும்பு
முனகி முனகி நின்றது.

பிறகுதான் கம்பியைப் பிடித்தபடி நடந்தாள்.
கேபிள் தட்டு திரும்பும் இடத்தில்
எலி கடித்த நுனி.
செம்பு பச்சை பாரித்திருந்தது.

காது அறுந்துபோனது அட்டைக்குத் தெரியவில்லை.
ஆறாம் காதில் கேட்டது நரம்பில் கொஞ்சம் மிச்சமிருக்க
அதையே ஏழின் பேரில் எழுதியது.
பக்கத்து இலையில் பாயசம்,
இவன் கணக்கில் ஏப்பம்.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு சொற்கள் தெரியும் அதற்கு.
"தெரியாது" அவற்றில் இல்லை.

எந்த நாளிலிருந்து?
பழைய பதிவுகளைப் பின்னோக்கி உருட்டினாள்.
ஜனவரி ஒன்பது, அதிகாலை மூன்று பன்னிரண்டு.
அதுவரை ஆறும் ஏழும் சகோதரிகள்,
சண்டையும் சாயலும் உண்டு.
அதன்பின் ஒருத்தி,
ஒரு கண்ணாடி.

பத்தொன்பது நாட்கள்.
பதிவேட்டில் ஏழாம் பத்தி நெடுக
பென்சிலால் ஒரு கோடு இழுத்து
ஓரத்தில் எழுதினாள்: தெரியாது.
பேனாவைத் தேடினாள், கிடைக்கவில்லை,
பென்சிலையே அழுத்தி மறுபடி எழுதினாள்.

ஏழையும், ஆளில்லாத பன்னிரண்டு முதல் பதினைந்து வரையும்
துண்டுக் கம்பிகளால் எர்த்தில் கட்டினாள்.
திரையில் ஐந்து பூஜ்ஜியங்கள்.
அவற்றைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தாள்.
ஆறிப்போயிருந்தது.

ஓய்வா வந்தான்,
கருகிய பேரிங்கைச் செய்தித்தாளில் சுருட்டி.
வைக்க இடமில்லை.
கம்பிகள் முடியும் பெட்டியின் மேல் வைத்தான்.

சேனல் பூஜ்ஜியத்துக்கு வெளியே வேலையில்லை.
இந்த அறையின் சூட்டை மட்டும் அளந்து
மற்றவற்றோடு கூட்டித் தருவது அது.
இருபத்தொன்றிலேயே கிடந்த எண்
ஒரு படி ஏறியது.
இன்னும் ஒரு படி.
அதைப் பிடித்துக்கொண்டு
மற்ற எல்லா எண்களும்
கொஞ்சம் நகர்ந்தன.

"அதை எடு," என்றாள் சிர்க்கா.
ஆனால் உடனே இல்லை.