இடது ஓரம்

ஐந்து ஆட்டம், ஒரே கோல்.
அதுவும் நெய்யாற்றின்கரைக்காரன்
தன் வலைக்குள் தானே தட்டிவிட்டது.

முன்வரிசைக்குக் கால் மரத்துப்போச்சு என்கிறார் கோச்.
பூட்ஸ் சரியில்லை என்கிறான் கோலி.
நித்திரவிளை டீக்கடையில்
மத்தி விலையோடு சேர்த்து
எங்களையும் அலசுகிறார்கள்.

நான் வாய் திறக்கவில்லை.
பந்து என் காலுக்கு வந்ததும்
தலை தூக்காமலே இடது ஓரத்துக்கு அடிக்கிறேன்.
மூன்று வருஷப் பழக்கம்.
அங்கே வின்சிலாஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கோடு தாண்டி உருண்டு
தென்னை மூட்டில் போய் நிற்கிறது பந்து.

செமஸ்டர் ஃபீஸ் கட்ட வழியில்லாமல்
கொச்சியில் விசைப்படகு ஏறியவன்,
நாற்பது நாளாய் ஆழ்கடலில்.
நேற்று சாட்டிலைட் போனில் கேட்டான்:
"லே மக்கா, ஜெயிச்சியளா?"

இரைச்சல், ஒண்ணும் கேக்கல என்றேன்.