அறுபத்திரண்டும் முப்பத்தேழும்

ஒவ்வொரு ஏழாவது தோட்டாவும்
அடியில் கண்ணில்லாமல் வந்தது.
ஜூ கூன். இரவு ஷிஃப்ட். மணி மூன்றேகால்.

தட்டாதே என்றேன் ஹஃபீஸிடம்.
இதற்குள் இருப்பது அரிசியில்லை.

குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன்:
பிரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்,
ஒன்றுகூடக் கவிழவில்லை.
ஸ்பிரிங் சரி. ஈரமில்லை.
சறுக்குப் பட்டைதான்
வீடுவரை வந்து வாசலில் நின்றுவிடுகிறது,
ஒரு மயிரிழை பாக்கி வைத்து.

விரலால் தடவினேன்.
பித்தளைச் சீவல், நகக்கண் அழுக்களவு.
கோப்பிக்கடைப் பல்குச்சியால் நெம்பி எடுத்தேன்.
அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால்
ஷியூ லிங் விடுவாளா?
நூறு போட்டீர்கள், எண்ணு என்றாள்.
அடித்தது அறுபத்திரண்டு,
குழாயில் முப்பத்தேழு.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
மூன்று பேரும் முட்டிபோட்டு
டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்துத் தேடினோம்.
காலணியைக் கழற்றி அடிப்பள்ளங்களைப் பார்த்தோம்.
பெருக்காதே, பெருக்காதே என்று
அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஐந்தே முக்காலுக்குக் கிடைத்தது,
ஹஃபீஸின் கால்சட்டை மடிப்பில்.
அண்ணனுடையது, நீளம் என்றான்,
அசையாமல் நின்றபடி.
நான் குனிந்து
இரண்டு விரலால் எடுத்தேன்.

முதல் ரயிலில்
எதிரே இருந்தவர்களின்
கால்சட்டை மடிப்புகளையே
பார்த்துக்கொண்டு வந்தேன்.
ஒருவர் காலை உள்ளிழுத்துக்கொண்டார்.